கம்பத்தில் துணி இல்லை

முந்நூற்றுப் பதினெட்டு டாலர் எழுபத்தைந்து சென்ட். தண்ணீர்க்கார டெல்மர் ஹாய்ட்டுக்கு எவுலாலியா பிராக்கமோந்தே தர வேண்டிய பாக்கி அவ்வளவு. லோடு ஒன்றுக்கு நாற்பத்திரண்டரை டாலர், ஏழரை லோடு. அந்த அரை லோடு எப்படி வந்தது என்றால், ஊற்றிக்கொண்டிருக்கும்போதே லாரிக் குழாய் கிழிந்து, மீதித் தண்ணீர் டெல்மரின் தொப்பையையும் பூட்ஸையும் நனைத்துவிட்டு மணலுக்குள் போய்விட்டது. "மணலுக்கு ஊத்தினதுக்கு உன்கிட்ட காசு கேக்க முடியுமா? பாதின்னு வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எவுலாலியா என்ற முழுப் பெயர் அவளுடைய சம்பளக் காசோலையில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவள் லாலா. அறுபதைத் தாண்டியவள். நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் அறை கழுவிப் படுக்கை விரிக்கிற வேலை. வாரம் ஐந்து நாளாக இருந்தது, போன அக்டோபரில் இரண்டு நாளாகச் சுருங்கிவிட்டது. ஆள் தங்கினால்தானே படுக்கை கலையும்? லாரிக்காரர்கள் இப்போதெல்லாம் வண்டியிலேயே தூங்கி எழுந்து போய்விடுகிறார்கள். வேலை சுருங்கினால் வயிற்றைச் சுருக்கிக்கொள்ளலாம். உடம்பால் உழைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரைச் சுருக்குவதுதான் முடியாது.

அவளுடைய பாலைவன ஊரான ஆகுவா கோர்த்தாவில் கிணற்றுக்குப் பஞ்சம் கிடையாது. அந்த உப்புத் தண்ணீரில் கக்கூஸ் கழுவலாம், ஆட்டைக் கழுவலாம். செடிக்கு விட்டால் செடி ஓரமெல்லாம் வெள்ளை பூத்துச் செத்துப்போகும். வாயில் வைக்கிற தண்ணீர் மலையடிவாரத்துக் கிணற்றிலிருந்து டெல்மரின் லாரியில்தான் வந்தாக வேண்டும். அதனால் வீட்டுக்கு வீடு முற்றத்தில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் டேங்க். தண்ணீர் தீரப்போகிறது என்றால் வாசல் கம்பத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட வேண்டும். டெல்மர் சாலையில் போகும்போதே பார்ப்பான். துணி இருந்தால் லாரியைத் திருப்புவான். இல்லாவிட்டால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி 'சௌக்கியமா' என்று காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். யார் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், யாருடைய புருஷன் திரும்பி வந்துவிட்டான் என்பதையெல்லாம் துணி ஏறுகிற வேகத்தைப் பார்த்தே ஊர் சொல்லிவிடும்.

காசை டேங்குக்கு அடியில் ஒரு காபி டப்பாவில் போட்டு வைப்பார்கள். ஏழரை லோடாக லாலாவின் டப்பா காலி. ஒவ்வொரு முறையும் டெல்மர் திறந்து பார்ப்பான், மூடியை அழுத்தி மூடுவான், போய்விடுவான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கியிருக்கும். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்ற லாலாவுக்கு அந்த மூடி 'டக்'கென்று விழுகிற சத்தம்தான் காதிலேயே நின்றது.

மே மாதக் கடைசியில் அவள் துணியை மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள். டேங்க் காயக் காயப் பார்த்துக்கொண்டு இருந்தாளே தவிர, துணியைத் திரும்ப எடுக்கவில்லை.

போக்கிடம் இல்லாமல் இல்லை. மகன் ரமீரோ ஃபீனிக்ஸ் நகரத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் பண்ணுவான்.

"அம்மா, இங்க குழாயைத் திருகினா தண்ணி கொட்டுது. ஏசி ஓடுது. அந்த அடுப்புக்குள்ள ஏன் கிடந்து வேகறே?"

"உன் வீட்டு ஜன்னலைத் திறந்தா என்னடா தெரியும்?"

"எதுத்த வீட்டு ஜன்னல் தெரியும்."

"அதான்."

"அதானாவது இதானாவது. காசு பத்தலன்னு உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு, சனிக்கிழமையே வண்டி எடுத்துட்டு வந்து உன்னை அள்ளிட்டுப் போறேனா இல்லையான்னு பாரு."

பாசத்தில்தான் சொன்னான். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அவள் வீடு தொங்கிக்கொண்டிருந்தது. தண்டவாள வேலை பார்த்த அவள் புருஷன் ஃபெர்மின், கழித்துப் போட்ட தண்டவாளக் கட்டைகளை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து கட்டிய வீடு. மத்தியானம் முழுக்க ஊரே செத்ததுபோல் அடைந்து கிடந்துவிட்டு, வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். யாராவது ஒரு பீர் பாட்டிலோடு வேலி ஓரமாக வந்து நிற்பார்கள். பேச ஒன்றும் இருக்காது, நிற்பார்கள். மலை செங்கல் நிறமாகி, அப்புறம் பழுத்த கத்திரிக்காய் நிறமாகும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற நேரமெல்லாம் வெந்து சாகிறோம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது மாடியில் அதற்கு எங்கே போவது? அங்கே அவள் ரமீரோவின் அம்மா. இங்கே அவள் லாலா.

ஜூனில் அவள் செய்தது பைத்தியக்காரத்தனம். கூரையில் இருக்கிற கூலர் தண்ணீர் குடித்துத்தான் குளிர்ந்த காற்றுத் தரும். டேங்கில் பாதியை அதுவே குடித்துவிடும். அதை நிறுத்திவிட்டாள். கழுத்தில் ஈரத்துண்டு, பொழுது சாய்ந்தால் முற்றத்தில் கயிற்றுக் கட்டில், கட்டில் காலுக்குக் கீழே தேளுக்காக உப்புத்தண்ணீர் டப்பாக்கள். வேலை நாளில் மோட்டல் குளியலறையைக் கழுவுகிற சாக்கில் தன்னையும் கழுவிக்கொள்வாள். கிளம்பும்போது காலிப் பால் கேன்கள் நாலைந்தை நிரப்பி, மேலே பழைய படுக்கை விரிப்பை மூடி, காரின் பின்னால் வைத்துக்கொண்டு வருவாள். ஸ்டியரிங் கையைச் சுடும் என்பதால் ஒரு கையில் அடுப்புக் கையுறை. அந்தக் கையாலேயே எதிரே வருகிற டெல்மருக்கு விரலைத் தூக்கிக் காட்டுவாள். கையுறைக்குள் எந்த விரல் தெரியப்போகிறது?

ஒரு புதன்கிழமை நார்மா கிஹாதாவின் கடைக்கு பீன்ஸ் வாங்கப் போனாள். பெட்ரோல் பம்ப், மளிகை, தபால் பெட்டி எல்லாம் அந்த ஒரே கடைதான். நார்மாவின் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தாயாக நின்றவள் லாலா. அதனால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'கோமாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். டெல்மர் கல்லாவுக்குப் பக்கத்தில் காபியோடு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்தபடி கேட்டான்.

"என்ன லாலா, டிராவிஸ் தண்ணி இனிக்குதா?"

டிராவிஸ் அடுத்த ஊர்ப் பையன். புது வெள்ளை லாரி வாங்கியிருக்கிறான். லோடுக்கு ஐந்து டாலர் குறைவு. லாலாவுக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. ஜூன் மாதத்தில் கம்பத்தில் துணி இல்லையென்றால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேறு ஆளிடம் வாங்குகிறாள். டேங்க் காய்ந்து கிடந்தும் ஒருத்தி துணி கட்டாமல் இருப்பாள் என்று யாருக்கும் தோன்றாது. தோன்றவும் கூடாது.

'இல்லை, என்னிடம் காசில்லை' என்று சொல்லியிருக்கலாம். நார்மா நின்றிருந்தாள். நார்மாவின் காதில் விழுந்தது ஞாயிறுக்குள் ரமீரோவின் காதுக்குப் போய்விடும். துரோகி என்ற பெயரா, இல்லாதவள் என்ற பெயரா என்று வந்தபோது லாலா துரோகியை எடுத்துக்கொண்டாள்.

"இனிக்குது. உன் தண்ணி மாதிரி துரு நாத்தம் இல்ல."

"கோமாத்ரே!" என்றாள் நார்மா.

டெல்மர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான். "நல்லது. வயசானவன் தண்ணி நாறத்தான் செய்யும். அப்ப பழைய பாக்கிய முடிச்சிடு. ஆள் மாறினா கணக்கு முடிக்கணும், அது ஊர் வழக்கம், நான் போட்ட சட்டமில்ல."

"யாரு முடிக்க மாட்டேன்னா? எப்ப வேணும்?"

"சனிக்கிழமை."

"சனிக்கிழமை வந்து வாங்கிக்கோ."

பீன்ஸை எடுக்காமலே வந்துவிட்டாள்.

பொய் கொயோட்டி நரி மாதிரி. ஒன்று முற்றத்துக்குள் வந்தால் பின்னால் நாலு வரும். ஆடு வளர்க்கிற வெய்ன் லஸ்க்கிடம் போய், டேங்கை விற்கிறேன் என்றாள். புதிது வாங்கப்போகிறேன் என்றாள். வெய்ன் இருநூற்று அறுபது தருவதாகச் சொன்னான். மோட்டல் காசு அறுபது கையில் இருந்தது. முந்நூற்றிருபது. டெல்மருக்குக் கொடுத்துவிட்டு ஒரு டாலர் இருபத்தைந்து சென்டோடு, டேங்க் இல்லாத வீட்டில் கோடை முடிகிற வரைக்கும் எப்படி இருப்பது என்பதை அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் முடிவு ஃபீனிக்ஸ் என்று வந்துவிடும்.

வியாழக்கிழமை நார்மா ஃபோன் பண்ணினாள். "உன்னைப் பாத்து பெல்ட்ரான் கிழவனும் டிராவிஸுக்கு மாறிட்டான். ஸ்கூல் டீச்சரும் மாறிட்டா. லாலாவே போயிட்டாள்னா விஷயம் இருக்கும்னு பேசிக்கறாங்க. டெல்மர் மூஞ்சியப் பாக்க முடியல. அப்படி என்ன செஞ்சுட்டான் அவன் உனக்கு?"

அவன் அவளுக்குச் செய்தது ஏழரை லோடு தண்ணீர்.

சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் லாரிச் சத்தம் கேட்டது. வெய்னின் வண்டி இல்லை, டெல்மருடையது. அவன் வணக்கம் சொல்லாமல், வாசலில் நின்றவளைத் தாண்டி, நேராக டேங்கிடம் போனான்.

"வெய்ன் வந்து, திங்கக்கிழமை என் வீட்டுக்கு ஒரு லோடு போடு, லாலா டேங்க் எங்கிட்ட வருதுன்னான். டேங்கை விக்கறவ தண்ணிய எதுல பிடிப்பா, பாவாடையிலயான்னு ராத்திரி பூரா யோசிச்சேன்."

"அது என் பாடு. வெய்ன் வரட்டும், உன் காசு வந்துடும்."

டெல்மர் தோள் மட்டத்தில் டேங்கைத் தட்டினான். 'டொம்' என்றது. இடுப்பு மட்டத்தில் தட்டினான். டொம். கடைசியில் மண்டியிட்டு அடியில் தட்டினான். தண்ணீர் இருந்தால் அங்கே சத்தம் அடங்கிப்போகும். அடங்கவில்லை. குழாயைத் திருகினான். ஒரு சிலந்தி வெளியே வந்து, இவர்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டது.

அவன் கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றினான்.

"டிராவிஸ் இங்க வரவே இல்ல."

"இல்ல."

"எத்தனை நாளா?"

"உனக்கெதுக்கு?"

"எனக்கெதுக்கா? வருஷக்கணக்கா இந்த ரோட்டுல லாரி ஓட்டறேன். குடிச்சிருக்கேன், வாய்ச்சண்டை போட்டிருக்கேன், பொண்டாட்டி விட்டுட்டுப் போற அளவுக்கு இருந்திருக்கேன். ஆனா ஜூன் மாசத்துல காஞ்ச டேங்கைத் தாண்டிப் போனவன்னு ஒருத்தன் என்னைச் சொன்னதில்ல. தினம் இந்த வழியா போனேன் லாலா. விரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போனேன். நீ உள்ள காஞ்சு கிடக்கறே, நான் விரலைக் காட்டிட்டுப் போறேன்!"

லாலா இதை நினைத்ததே இல்லை. வெட்கமெல்லாம் தன் ஒருத்திக்கு மட்டும் சொந்தம் என்று இருந்தாள்.

"டப்பா காலியா இருக்கறப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுய்யா துணி கட்டுவேன்?"

"துணிக்கும் டப்பாவுக்கும் என்ன சம்பந்தம்? துணி தண்ணிக்கு. டப்பா காசுக்கு. ரெண்டையும் யாரு உனக்கு முடிச்சுப் போட்டது?"

அவன் எழுந்து போய் லாரிக் குழாயை இழுத்து வந்தான். லாலா ஓடிப்போய் குழாய்மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றுகொண்டாள்.

"காலை எடு."

"கணக்கு முடியாம ஒரு சொட்டு இறங்கக் கூடாது."

"பைத்தியமா உனக்கு? பழசை விட்டுட்டேன், போ."

"நீ விடுவே. நான் விடல."

"லாலா, எனக்கு இடுப்பு வலிக்குது. இறங்கு."

அந்த நேரத்தில்தான் வெய்ன் லஸ்க் தன் டிரெய்லரோடு வந்து சேர்ந்தான். குழாய்மேல் நிற்கிற கிழவியையும், குழாயைப் பிடித்திருக்கிற கிழவனையும் பார்த்தான். ஒன்றும் கேட்காமல், வாங்குகிறவனுக்கே உரிய அக்கறையோடு டேங்கை மேலிருந்து கீழ்வரை தட்டினான். திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"எலும்பு மாதிரி காஞ்சிருக்கு! அப்ப டிராவிஸ் ஊத்தவே இல்ல. டெல்மர், உன் ரோட்டுலயா இது? காசு வரலன்னு காயப் போட்டுட்டியா? கிழவிய சாகடிக்கப் பாத்தியா நீ? மத்தியானத்துக்குள்ள ஊருக்கே தெரியும், பாத்துக்கோ."

டெல்மர் வாயைத் திறக்கவில்லை. 'அவள்தான் துணி கட்டவில்லை' என்று ஒரே வாக்கியம் சொன்னால் போதும், பழி அவன்மேல் இருக்காது. குழாயைச் சுருட்ட ஆரம்பித்தான். காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. அன்றைக்கு மூடியை மூடிவிட்டுப் போனானே, அதே மாதிரி இதையும் அழுத்தி மூடிக்கொண்டு போய்விடப்போகிறான் என்று லாலாவுக்குத் தெரிந்தது. இன்னும் எத்தனை வீடு அவனை விட்டுப் போகும்? அவனுக்கு இருப்பது அந்த லாரியும், அந்தப் பெயரும்தான்.

"வெய்ன், வாயை மூடு" என்றாள். "டேங்க் விக்கறதுக்கில்ல. வண்டிய எடு. கடைக்கு வா. நீயும் வா டெல்மர்."

சனிக்கிழமை காலை கடையில் தபால் பிரிக்கிற நேரம். கிழவர்கள் எல்லோரும் வராத கடிதத்துக்காக வந்து நிற்பார்கள். பெல்ட்ரான் கிழவன் இருந்தான், டீச்சர் இருந்தாள். கதவு மணி அடங்குவதற்குள் லாலா பேச ஆரம்பித்துவிட்டாள். நின்றால் வாய் வராது என்று அவளுக்குத் தெரியும்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. நான் டிராவிஸ்கிட்ட ஒரு சொட்டு வாங்கல. மோட்டல் வேலை ரெண்டு நாளா சுருங்கிப்போச்சு, காசில்ல. டெல்மருக்கு ஏழரை லோடு பாக்கி. அதுக்கு வெக்கப்பட்டு துணிய அவுத்து உள்ள வச்சுட்டேன். ஒரு மாசமா மோட்டல் தண்ணியக் கேன்ல தூக்கிட்டு வந்து குடிச்சுட்டிருக்கேன். இவன் தண்ணி நாறுதுன்னு சொன்னதும் பொய். இவன் காஞ்ச டேங்கைத் தாண்டிப் போகல. நான்தான் ஒளிச்சு வச்சேன்."

உடம்பில் துணியில்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது லாலாவுக்கு.

முதலில் வாயைத் திறந்தவன் பெல்ட்ரான். "நான் உனக்காக ஒண்ணும் மாறல. அஞ்சு டாலர் கம்மின்னுதான் மாறினேன்."

"நீ செத்தாக்கூட கம்மியில எவன் புதைப்பான்னுதான் பாப்பே" என்றாள் டீச்சர். டெல்மரைப் பார்த்து, "திங்கக்கிழமை என் கம்பத்துல துணி இருக்கும்" என்றாள்.

நார்மா கல்லாவை விட்டு வெளியே வந்தாள். கோபத்தில் மூச்சு வாங்கியது. "கூலரையும் நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன்."

"ஜூன்ல! செத்துக்கித்துப் போயிருந்தா என் பொண்ணுக்கு ஞானத்தாய்க்கு நான் எங்க போவேன்? காலையில கடை திறக்க ஆளில்ல ஆளில்லன்னு இந்த ஊர்க் காதெல்லாம் கிழிய ஆறு மாசமா கத்திட்டிருக்கேன். உனக்கு மோட்டல்ல வேலை தலைக்கு மேல இருக்குன்னு நெனச்சுதான்டி உன்னைக் கேக்கல!"

"நானும் அப்படித்தான் நெனைக்க வச்சேன்."

"அஞ்சு மணிக்குத் திறக்கணும். சம்பளம் பெருசா எதிர்பாக்காதே. காபி சும்மா."

"உன் காபிக்குக் காசு குடுக்கறவன்தான் முட்டாள்" என்றான் வெய்ன். யாரோ சிரித்தார்கள். காற்று கொஞ்சம் இளகியது.

"ரமீரோகிட்ட நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் நார்மா, குரலைத் தாழ்த்தி.

"வேணாம். நாளைக்கு நானே சொல்லிக்கறேன். வரட்டும். வந்து கூலருக்குக் கீழ உக்காந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டு டெல்மர் பக்கம் திரும்பினாள். அவன் கதவோரமாக, தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"இப்ப கணக்குப் பேசு" என்றாள்.

"என்ன கணக்கு? அதுதான் இவங்க முன்னால குடுத்துட்டியே."

"அது நான் சொன்ன பொய்க்கு. தண்ணிக்கு?"

டெல்மர் தலையைச் சொறிந்தான். அவளைத் தெரியாதா அவனுக்கு? சும்மா விட்டால் மறுபடியும் குழாய்மேல் ஏறி நிற்பாள்.

"சரி. முந்நூறு எனக்கு அபராதம். ஒரு மாசம் விரலைக் காட்டிட்டுப் போனதுக்கு. கூலர் சத்தம் கேக்குதான்னு ஒரு நாளாவது லாரிய நிறுத்திக் காது குடுத்திருக்கணும், குடுக்கல. அதுல பேரம் கிடையாது. பாக்கி பதினெட்டே முக்காலை வை."

"பதினெட்டே முக்கால்."

"ஒரு சென்ட் குறையக் கூடாது."

லாலா கவுன் பையிலிருந்து அந்த அறுபது டாலரை எடுத்தாள். பாதிக்கு மேல் மோட்டலில் தங்கினவர்கள் தலையணைக்கு அடியில் அவளுக்கென்று விட்டுப்போன சில்லறை. பத்து டாலர் நோட்டு ஒன்று, ஐந்து டாலர் நோட்டு ஒன்று, ஒரு டாலர் நோட்டு மூன்று, கல்லா மரத்தின்மேல் நீவி நீவி வைத்தாள். நாணயங்களைத் தேடி எடுக்கும்போது ஒன்று கை தவறி உருண்டு ஓடியது. வெய்ன் பூட்ஸால் மிதித்து நிறுத்தி, குனிந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தான்.

டெல்மர் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். அவசரப்படவில்லை. நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, நாணயங்களை விரலால் தள்ளித் தள்ளி, எல்லோரும் பார்க்க உதடு அசைய எண்ணினான். எண்ணி முடித்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் போட்டான்.

"சரியா இருக்கு. தீந்துது" என்றான்.